கடலின் பள்ளமும் ஒரு கணிதப் பட்டமும்

"பி.எஸ்ஸி. கணக்கா? வாத்தியார் வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் பாங்குப் பரீட்சை எழுதலாம்." கணிதம் எடுக்க விரும்பும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "கணிப்பொறி வேலைதான் வேண்டுமென்றால் நேரே கணிப்பொறிப் படிப்பில் சேர், கணிதம் எதற்கு?" இந்த இரண்டாவது பேச்சைத்தான் நான் மறுக்கிறேன். நான் இயற்பியல் ஆசிரியன். கணிதத் துறைக்கு ஆள் சேர்ப்பது என் வேலை அன்று.

கிளாடிஸ் வெஸ்ட் என்ற பெண்மணியைப் பாருங்கள். 1930-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், கருப்பின விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். உதவித் தொகை பெற்றுப் படித்து 1952-இல் கணிதப் பட்டமும் 1955-இல் முதுகலைப் பட்டமும் வாங்கினார். இடையில் பள்ளியில் பாடமும் நடத்தினார். 1956-இல் டால்கிரன் என்ற ஊரிலிருந்த கடற்படைச் சோதனைத் தளத்தில் கணித வல்லுநராகச் சேர்ந்தார். வெள்ளையருக்கும் கருப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் நடந்த காலம் அது. அந்தத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கருப்பினப் பெண் அவர். 1998 வரை, 42 ஆண்டுகள், அரசாங்கக் கணிப்பொறிகளோடு வேலை செய்தார்.

எதைக் கணக்கிட்டார்? முக்கியமாக, கடலின் வடிவத்தை.

கடலுக்கு என்ன வடிவம் என்று கேட்பீர்கள். அலையையும் ஓதத்தையும் ஒதுக்கிவிட்டாலும் கடல் பரப்பு ஒழுங்கான கோளம் அன்று. பூமிக்குள் பொருள் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. ஆகவே ஈர்ப்பும் இடத்துக்கு இடம் சிறிது மாறுகிறது. தண்ணீர் அதற்கேற்ப மேடும் பள்ளமுமாக நிற்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், கடல் மட்டம் கணித நீள்கோளத்தைவிடச் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது! அதன்மேல் போகும் கப்பலுக்குச் சரிவு ஏதும் தெரியாது. தண்ணீர்ப் பரப்பு எங்கும் ஈர்ப்பின் திசைக்குச் செங்குத்தாகவே இருப்பதுதான் காரணம்.

இதை அளக்க 1978-இல் சீசாட் என்ற செயற்கைக்கோளை ஏவினார்கள். சுமார் 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது ரேடார் துடிப்பைக் கடலுக்கு அனுப்பும். துடிப்பு எதிரொலித்துத் திரும்பும் நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். போய்வர ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு ஆகும். தூரத்தில் 10 சென்டிமீட்டர் பிழைதான் வரலாம் என்றால், நேரத்தில் எவ்வளவு பிழை வரலாம்? ஒளியின் வேகத்தை வைத்து வகுத்துப் பாருங்கள். ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இல்லை.

அதோடு முடிந்ததா? காற்றிலுள்ள நீராவி துடிப்பைத் தாமதப்படுத்தும். ஓதம் கடலைத் தூக்கும். செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பதே துல்லியமாகத் தெரியாது. அதை இழுக்கும் ஈர்ப்பைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்! எது கடலின் மேடு, எது கருவியின் பிழை என்று பிரிக்க வேண்டும். கணிப்பொறி எந்த எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். தவறான எண்ணைக் கொடுத்தால் தவறான விடையை மிக வேகமாகத் தரும். எந்த எண்ணைச் சந்தேகிப்பது என்று தெரிந்த ஆள் தேவைப்பட்டது. சீசாட் திட்டத்தின் தரவுப் பணிக்கு வெஸ்ட் மேலாளரானார்.

அவர் சேர்ந்தபோது டால்கிரனில் இருந்த பெரிய இயந்திரம் வெற்றிடக் குழல்களால் ஆன நார்க். பின்னர் டிரான்சிஸ்டர் கொண்ட ஐ.பி.எம். 7030 வந்தது. அவர் ஓய்வு பெறுவதற்குள் இரண்டுமே பழங்கதை. ஆனால் இத்தகைய அளவைகளிலிருந்து சரியான வடிவத்தைப் பிரித்தெடுக்க உதவும் மீச்சிறு வர்க்க முறை லெஜாந்தர் 1805-இல் வெளியிட்டது. இன்றும் அது வேலையில் இருக்கிறது. கணிப்பொறி மொழியை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், மாறினால் இன்னொன்றைக் கற்கலாம். பிழைகளின் கணக்கை அப்படி அவசரத்தில் கற்க முடியாது.

ஜி.பி.எஸ்.-ஐக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. அது பலர் சேர்ந்து கட்டியது; இவரும் சகாக்களும் தந்தது பூமியின் வடிவம். அதுவே போதுமான பெருமை. அந்தத் திருத்தம் இல்லாமல் செயற்கைக்கோள் தரும் உயரத்தை அப்படியே நம்பினால், மெரினா மணலில் நிற்கும் நீங்கள் கடல் மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே இருப்பீர்கள்.

இந்த வேலையில் கடற்படை பணத்தைக் கொட்டியது உலக நன்மைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். ஏவுகணை குறி தவறாமலிருக்கவும் ஈர்ப்புக் கணக்கு வேண்டும். என்றாலும், உடனே இலாபம் தராத அளவையைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்ய ஓர் அரசாங்கத்தால்தான் முடிந்தது. வானிலை, நில அளவை, விண்வெளி ஆகிய அரசுத் துறைகளில் நம் நாட்டிலும் இதே வகைக் கணக்குகள் உண்டு.

நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நம் அரசு அறிவிப்புகள் பலவற்றில் கணிப்பொறிப் பதவிக்கு வெறும் பி.எஸ்ஸி. கணிதம் போதாது; பொறியியலோ முதுகலையோ எம்.சி.ஏ.-யோ கேட்பார்கள். ஆகவே, பட்டத்துக்குப் பின் இன்னும் இரண்டு ஆண்டு படிக்க வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்ததும் புள்ளியியலையும் எண்ணியல் பகுப்பாய்வையும் மதிப்பெண்ணுக்கான தாள்களென்று ஒதுக்காமல், அவற்றிலுள்ள கணக்குகளை முதலில் கையால் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கணிப்பொறியில் போடுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துவராத நாளில் உங்களுக்கு உண்மையான வேலை தொடங்கும்.