சுழலாத மோட்டாரை மறைக்காதீர்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. மேசைமேல் ஓர் ஆர்டுயினோ பலகை, திருகும் குமிழ் ஒன்று, சிறிய மின்விசிறி ஒன்று. குமிழைத் திருகினால் விசிறியின் வேகம் கூடும். பின்னால் திருப்பினால் குறையும்.

அண்மையில் அப்படியொரு மேசையில் நானே குமிழை மெல்லத் திருகிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் திருகியும் விசிறி அசையவில்லை, முனகியது. அதைச் செய்த மாணவி பதறிப்போய், "சார், கொஞ்சம் வேகமா திருகுங்க, அப்பத்தான் ஓடும்" என்றார். அவருடைய அறிக்கையைப் புரட்டினேன். அந்த முனகலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதியே அந்த முனகல்தான் என்பது என் கருத்து.

ஏன் முனகியது? பொட்டென்சியோமீட்டர் எனப்படும் அந்தக் குமிழின் நடுக்கால் 0 முதல் 5 வோல்ட் வரை மின்னழுத்தம் தருகிறது. நுண்கட்டுப்படுத்தி அதை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக வாசிக்கிறது. நான்கால் வகுத்து, 0 முதல் 255 வரையுள்ள எண்ணாக மோட்டார் பக்கம் அனுப்புகிறோம். ஆனால் பலகையால் பாதி மின்னழுத்தம் தர முடியாது; முழுதாகத் தரும் அல்லது நிறுத்தும். ஆகவே ஒரு நொடிக்கு ஏறக்குறைய 490 முறை போட்டு அணைக்கிறது. எண் 128 என்றால் பாதி நேரம் மின்சாரம், பாதி நேரம் இல்லை. நமக்குக் கேட்கும் முனகல் இந்தப் போட்டு அணைப்பதன் ஒலிதான். எண் சிறியதாக இருக்கும்போது கிடைக்கும் விசை, மோட்டாருக்குள் இருக்கும் நிலை உராய்வை வெல்லப் போதவில்லை.

இதை வீட்டிலேயே அளக்கலாம். ஓர் எச்சரிக்கை: மோட்டாரை நேராகப் பலகையின் முனையில் இணைக்காதீர்கள். ஒரு முனை பாதுகாப்பாகத் தரக்கூடியது சுமார் 20 மில்லியாம்பியர்தான். மோட்டார் அதைவிட அதிகம் கேட்கும். தனி மின்கலமும், இடையில் ஒரு டிரான்சிஸ்டரும், மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடும் வேண்டும்.

இப்போது கணினித் திரையில் எண்ணைப் பார்த்தபடி குமிழை மெல்லத் திருகுங்கள். மோட்டார் புறப்படும் எண்ணைக் குறியுங்கள். பிறகு மெல்லக் குறைத்து, அது நிற்கும் எண்ணைக் குறியுங்கள். நிற்கும் எண் புறப்படும் எண்ணைவிடச் சிறியதாக இருக்கும். ஓடும் பொருளை ஓட வைப்பது, நிற்கும் பொருளைப் புறப்பட வைப்பதைவிட எளிது. பாடநூலில் படித்த உராய்வை இப்படி உங்கள் கையாலேயே அளந்துவிடலாம்.

அடுத்து, சுழலும் அச்சை ஒரு காகிதத் துண்டால் இலேசாக உரசுங்கள். எண் மாறவில்லை, வேகம் மட்டும் குறைகிறது. அதாவது, குமிழ் தருவது கட்டளை மட்டுமே. மோட்டார் அதற்குக் கீழ்ப்படிந்ததா என்று பலகைக்குத் தெரியாது.

இது சிறிய விஷயமல்ல. கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வந்து, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கிளானா ஜெயா தட எல்.ஆர்.டி.க்கு மாறியிருப்பீர்கள். 1998-இல் ஓடத் தொடங்கிய அந்தத் தடத்தின் ரயில்களில் ஓட்டுநர் இல்லை. காலை நெரிசலிலும் இரவில் காலியாக வரும்போதும் ரயில் நிலையத்தில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். வெறும் கட்டளையால் அது முடியாது. உண்மையான வேகத்தை அளந்து, இருக்க வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பின்னூட்டம் என்கிறோம். உங்கள் மேசை விசிறியில் இல்லாததும் இதுதான்.

"குறையை எழுதினால் மதிப்பெண் போய்விடுமே" என்று கேட்பீர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் நடுவர்களாக வரும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: சுழலும் விசிறிக்குத் தரும் மதிப்பெண்ணைவிட, அது எங்கே சுழலவில்லை என்று காட்டும் வரைபடத்துக்கு அதிகம் தாருங்கள். இணையத்தில் கிடைக்கும் நிரலை எவரும் ஐந்து நிமிடத்தில் நகலெடுக்கலாம். ஆனால் உங்கள் மோட்டார் எந்த எண்ணில் புறப்படுகிறது என்பது எந்த இணையதளத்திலும் இல்லை. அதை நீங்கள்தான் கண்டுபிடித்து எழுத வேண்டும்.