நிழலில் மறையும் நிஞ்சா

கறுப்பு வெள்ளைப் படங்களை, வண்ணம் கைவராத காலத்தின் எளிய முயற்சிகள் என ஒதுக்குவோர் உண்டு. ஒற்றறிதலையும் மறைந்து தாக்குதலையும் தொழிலாகக் கொண்ட நிஞ்சாக்களைப் பற்றிய பழைய ஜப்பானியப் படங்களுக்கு அக்கருத்துப் பொருந்தாது. 'ஜிகோகுமோன்' என்னும் வண்ணப்படத்தை 1953 இலேயே எடுத்த டாயெய் நிறுவனம், 1962 இல் யமமோட்டோ சாட்சுவோவின் இயக்கத்தில் 'ஷினோபி நோ மோனோ'வைக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டது. கதைக்கு அதுவே தக்க வடிவம்.

முன்னர் வந்த படங்கள் மாயத்தை நம்பின. மகினோ ஷோசோவின் 1921 ஆம் ஆண்டு ஊமைப்படத்தில், ஜிராயா படப்பிடிப்பு உத்தியால் தவளையாக உருமாறுவான். யமமோட்டோவின் நாயகன் கோயமோனுக்கோ நிழல் ஒன்றே துணை.

அகன்ற திரையின் பெரும்பகுதி இருள். கூரையில் பதுங்கிய கோயமோன், கீழே உறங்கும் படைத்தலைவர் ஓடா நொபுனாகாவின் உதட்டை நோக்கி ஒரு நூலை இறக்குகிறான். அதன்வழியே நஞ்சு துளித்துளியாக இறங்குகிறது. வாளோசை இல்லை; ஓட்டமும் இல்லை. காண்போரின் கண்கள் அம்மெல்லிய கோட்டை விட்டு அகல்வதில்லை. வண்ணங்கள் நிறைந்த அறையில் அந்நூல் இத்துணை அச்சம் தந்திராது எனத் துணிந்து கூறலாம். (1967 இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமொன்றும் இக்காட்சி உத்தியை எடுத்தாண்டது.)

கோயமோனாக நடித்த இச்சிகாவா ரைசோ, கபூகி மேடையில் பயின்றவர். நெடுநேரம் அசையாதிருந்தும் பார்வையாளரைத் தம்மிடம் இருத்திக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு இருந்தது. 1980 களின் அமெரிக்கப் படங்களோ அதே கறுப்புடை அணிந்தவர்களைப் பட்டப்பகலில் ஓடவிட்டன.