ஜீவனாம்சம் மட்டும் போதுமா?

விவாகரத்து வழக்கில் பெருந்தொகை ஜீவனாம்சமாக வழங்கப்படும்போதெல்லாம் அது தலைப்புச் செய்தியாகிறது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் மனைவிக்கு ரூ.5 கோடி நிரந்தர ஜீவனாம்சம் வழங்க உத்தரவிட்டபோதும் அதுவே நடந்தது. இத்தகைய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு, விவாகரத்து பெறும் பெண்ணுக்கு நமது சட்டம் வாரி வழங்குகிறது என்கிற எண்ணம் ஏற்படுவது இயல்பு. பொருளியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்கிற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. நமது சட்டம் தொகையின் அளவில் தாராளமா, கஞ்சமா என்பதல்ல பிரச்னை. எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்க மறுக்கிறது என்பதுதான் பிரச்னை.

வருமானம் வேறு, சொத்து வேறு. முதலாவது, மாதந்தோறும் வந்து செலவாகிப் போவது. இரண்டாவது, சேர்ந்து நிற்பது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 24, 25-ஆவது பிரிவுகளும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவும் பராமரிப்பைப் பற்றியே பேசுகின்றன. மணவாழ்வின்போது இருவரும் சேர்ந்து உருவாக்கிய சொத்தைப் பங்கிடுவது பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொத்தைக் குறிப்பிடுவது உண்மைதான். ஆனால், அது திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக அளிக்கப்பட்ட பொருள்களைப் பற்றியது. இருபது ஆண்டு இல்லறத்தில் வாங்கிய வீடு, பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதாகிவிடுகிறது.

இதன் விளைவை இல்லத்தரசிகள் மட்டும் அனுபவிப்பதில்லை. என்னிடம் பயின்ற மாணவி ஒருவர், தனியார் நிறுவனத்தில் பணிபுரிபவர், சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்தார். கணவரின் சம்பளத்தில் வீட்டுக் கடனுக்கான மாதத் தவணை. இவரது சம்பளத்தில் மளிகை, பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருத்துவச் செலவு. பதினான்கு ஆண்டுகள் இப்படித்தான் குடும்பம் நடந்தது. மண முறிவு என்று வந்தபோது வங்கிக் கணக்குகள் அனைத்தும் கணவருக்கே சாட்சி சொல்லின. 'ரசீது ஏதாவது இருக்கிறதா?' என்று வழக்குரைஞர் கேட்டாராம். 'அரிசி வாங்கிய ரசீதை யார் ஐயா பத்திரப்படுத்துவார்கள்?' என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். மளிகைச் செலவை அவர் ஏற்றிராவிட்டால் கணவரால் தவணை கட்டியிருக்க முடியாது. இந்த எளிய கணக்கு பொருளியல் மாணவர் எவருக்கும் புரியும். நமது சட்டத்துக்குப் புரிவதில்லை. மனைவியின் நகையை விற்று மனை வாங்கி, பத்திரத்தைக் கணவர் பெயரில் பதிவு செய்த குடும்பங்கள் நமது தெருவுக்கு நான்காவது இருக்கும்.

ஊதியமின்றி வீட்டில் உழைப்பவரின் நிலை இன்னும் மோசம். ஒருவர் தன் வீட்டுப் பணிப்பெண்ணை மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று பொருளியல் அறிஞர் பிகு நூறாண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். வேலை அதேதான், சம்பளம் நின்றுவிடுவதால் அது கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால், மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பார்த்தால் சிரிப்பு வராது. ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதற்காகச் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடங்கள்.

இந்த உழைப்புக்கு மதிப்பே இல்லை என்று நமது நீதிமன்றங்கள் கூறவில்லை. சாலை விபத்தில் இல்லத்தரசி இறந்தால், அவரது உழைப்புக்கு ஒரு வருமானத்தைக் கணித்து இழப்பீடு வழங்க வேண்டும் என்பதை 2021 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. விபத்தில் இறந்தால் கிடைக்கும் அந்த மதிப்பு, உயிரோடு விவாகரத்து பெற்றால் கிடைப்பதில்லை என்பது எத்தகைய முரண்!

பராமரிப்புத் தொகையாவது உரிய முறையில் கிடைக்கிறதா? இரு தரப்பும் சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனு செய்த நாளிலிருந்தே பராமரிப்புத் தொகை வழங்கப்பட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும், ரொக்கத்தில் புழங்கும் தொழிலைச் செய்பவரின் உண்மை வருமானத்தைக் கண்டறிவது எளிதல்ல. மாதச் சம்பளக்காரர் மட்டுமே முழுமையாகக் கணக்கில் சிக்குகிறார். அவருடைய மனக்குறையில் நியாயம் இருக்கிறது.

பணவீக்கத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை என்பது இன்னொரு குறை. ஆண்டுக்கு 6% விலையேற்றம் இருந்தால், இன்று நிர்ணயிக்கப்படும் ரூ.10,000-இன் வாங்கும் சக்தி 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். 2025 மே மாதம் ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் மாதம் ரூ.50,000 நிர்ணயித்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5% உயர்த்த ஆணையிட்டது. வரவேற்கத்தக்க அணுகுமுறை. ஆனால், ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கே ஆண்டுக்கு 4%. அந்த இலக்கின்படியே விலைகள் உயர்ந்தாலும், பத்தாண்டுகளில் ஏறக்குறைய ரூ.74,000 தேவைப்படும் இடத்தில் ரூ.63,800 அளவுக்கே கிடைக்கும்.

கையில் சொத்து இல்லாதவருக்குக் காத்திருக்கும் வலிமையும் இல்லை. பரஸ்பர சம்மத விவாகரத்தில் 'எதிர்காலத்தில் எதுவும் கோர மாட்டேன்' என்று கையொப்பமிடும் பெண்கள் பலர், தேவையில்லை என்பதால் கையொப்பமிடுவதில்லை. வழக்கை இழுத்துக்கொண்டு போக முடியாததால் கையொப்பமிடுகிறார்கள். பேரத்தில் வெல்பவர் நியாயம் உள்ளவர் அல்ல, பொறுத்திருக்க முடிந்தவர்.

வேறு வழியே இல்லையா என்றால், இந்தியாவுக்குள்ளேயே இருக்கிறது. 1867-ஆம் ஆண்டு போர்த்துகீசிய உரிமையியல் சட்டத்தின் குடும்பப் பகுதி கோவாவில் இன்றும் நடைமுறையில் உள்ளது. திருமணத்துக்கு முன் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்து கொள்ளாத தம்பதியரின் சொத்து அங்கு இருவருக்கும் பொதுவானது. ஒருவர் ஒப்புதலின்றி மற்றவர் வீட்டையோ நிலத்தையோ விற்க முடியாது. இதனால் கோவாவில் குடும்பங்கள் சிதைந்து போய்விடவில்லை.

மற்ற மாநிலங்களுக்காக ஒரு முயற்சி நடந்தது. 2010-இல் அறிமுகமான திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையின் பதவிக்காலம் முடிந்ததால் காலாவதியானது. அதில் குறைகளும் இருந்தன. மனைவிக்கு மட்டுமே உரிமை வழங்கியதும், கணவரின் பரம்பரைச் சொத்தைத் தொட முனைந்ததும் எதிர்ப்பை வலுப்படுத்தின. பாட்டனார் தேடிவைத்த நிலத்தில் இல்லறத்தின் உழைப்பு இல்லை. எனவே, மணவாழ்வின்போது ஈட்டிய சொத்து மட்டும், கடன்கள் போக, கணவன் மனைவி இருவருக்கும் பொதுவாக வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. மனைவி கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் கணவரும் அதில் பங்கு கோரலாம். கடனும் பங்கிடப்பட வேண்டும். சொத்தில் மட்டும் பங்கு கேட்பது முறையாகாது.

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் நம்பிக்கையூட்டும் தீர்ப்பொன்றை அளித்தது. வெளிநாட்டில் உழைத்த கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் குழந்தைகளையும் கவனித்த மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கூறினார். இத்தகைய பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் இதுவரை இல்லை. அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அவரது வாதம். அது விவாகரத்து வழக்கல்ல, சொத்து வழக்கு. நல்ல நீதிபதி கிடைத்தால் நியாயம், இல்லையேல் இல்லை என்கிற நிலையில் குடும்பங்களை விட்டுவைக்க முடியாது.

பெண்கள் பெயரில் ரூ.10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை என்று 2025 ஏப்ரல் முதல் தமிழக அரசு வழங்குகிறது. அந்தச் சலுகையைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும் வீடுகளுக்கு, மதிப்பின் வரம்பை உயர்த்தி விரிவுபடுத்துவதற்கு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. திருமணமும் விவாகரத்தும் பொதுப்பட்டியலில் உள்ளன. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சமஉரிமை வழங்கி தமிழகம் சட்டம் இயற்றியது 1989-இல். அதை நாடு முழுவதற்குமான சட்டமாக்க மத்திய அரசுக்கு 2005 வரை ஆயிற்று. மணவாழ்வில் ஈட்டிய சொத்துக்கும் அதேபோன்றதொரு மாநிலத் திருத்தத்தை சட்டப்பேரவை நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம்.