பன்னிரண்டு படங்கள்



சென்ற ஆண்டு நம் சபையின் மூத்த தாயார் ஒருவரை அடக்கம் செய்தோம். அஞ்சலிப் பதாகைக்குப் படம் கேட்டு அவருடைய பேரன் முந்தின இரவு என்னிடம் வந்தார். என் கைபேசியில் சபை நிகழ்ச்சிகளின் படங்கள் நான்காயிரத்துக்குமேல் உண்டு. இருவரும் திண்ணையில் அமர்ந்து பதினொரு மணிவரை தேடினோம். அறுப்பின் பண்டிகை, கிறிஸ்மஸ், திருமணங்கள் என எல்லாவற்றுக்கும் அந்த அம்மையார் வந்திருந்தார். ஆனால் ஒரு படத்தில் முக்காட்டின் ஓரம்; இன்னொன்றில் கேக் வெட்டுகிறவரின் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றி. கடைசியில் ஆதார் அட்டையிலிருந்த படத்தையே பெரிதாக்கினார்கள். "இது எங்க அம்மா மாதிரியே இல்லையே" என்று மகள் அழுதார்.

நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர்பெயராக அறிவான் என்று எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். பதினெட்டு ஆண்டுகளாக எனக்கு எதிரே முதல் தூணருகே அமர்ந்திருந்தவரை நான் ஒருமுறையும் படமெடுக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அலமாரியில் கிடந்த யாஷிகா கேமராவை எடுத்தேன். விழுப்புரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த என் தாய்மாமாவுடையது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கண்கள் கொண்ட பெட்டி. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் படமெடுப்பவர் கழுத்தில் தொங்கியதே, அதுதான். இதை மீடியம் பார்மட் என்பார்கள். இதற்கான 120 சுருளைக் கோடக் நிறுவனம் 1901-இல் வெளியிட்டது, இன்னும் கிடைக்கிறது. நாம் பெரிதும் அறிந்த 35 மில்லிமீட்டர் பிலிமைவிட ஒரு படத்தின் பரப்பு மூன்றரை மடங்கு பெரிது. ஆகையால் முகத்தின் சுருக்கங்களும் சேலையின் இழையும் தெளிவாகப் பதியும். ஆனால் ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள் மட்டுமே.

மாமா பயன்படுத்தியது உதகமண்டலத்தில் செய்யப்பட்ட 'இந்து' பிலிம். 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் தயாரிப்பு அது. அந்த ஆலை நலிந்து மூடப்பட்டுவிட்டது. இந்து நகர் என்ற பெயர் மட்டும் மலையில் இருக்கிறது. இன்று நான் வாங்குவது இங்கிலாந்திலிருந்து வரும் இல்போர்ட் சுருள். சென்னையிலிருந்து வரவழைத்து, எடுத்தபின் கழுவுவதற்குத் திரும்பவும் அங்கேயே அனுப்ப வேண்டும். சுருளும் கழுவும் செலவும் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. போதகருக்கு இது தேவையா என்று என் மனைவி கேட்டது நியாயமே.

நம் வாலிபர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். "ஐயா, போன்லயே கறுப்பு வெள்ளை வருமே?"

வரும், தம்பி. ஆனால் நிறத்தைக் குறித்து நான் பேசவில்லை. கைபேசியை முகத்துக்கு நேரே உயர்த்துகிறோம். இந்தப் பெட்டியையோ வயிற்றருகே பிடித்து, தலையைக் குனிந்து கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகத் தெரியும். எதிரே இருப்பவர் இடப்புறம் நகர்ந்தால் வலப்புறம் போவதுபோல் தோன்றும். பழகும்வரை தடுமாற்றம்தான். ஒளியை அளந்து, தெளிவைத் திருத்தி முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிடும். அந்த இரண்டு நிமிடமும் எதிரே இருப்பவரைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. அவரும் முதலில் விறைப்பாக நிற்பார். பிறகு பேசத் தொடங்குவார். சங்கராபரணிக் கரையில் கரும்பு பயிரிடும் ஒரு சகோதரர், மகனோடு பேசி மூன்று ஆண்டுகள் ஆயிற்று என்பதை இப்படி நிற்கும்போதுதான் சொன்னார். அவர் வீட்டுக்கு நான் பலமுறை ஜெபிக்கப் போயிருக்கிறேன்.

முதல் சுருளில் பன்னிரண்டில் ஐந்துதான் தேறின. ஒளியைத் தவறாக அளந்திருந்தேன். மற்ற ஏழு பேரிடமும் மறுபடி போய் நின்றேன், ஒருவரும் கோபிக்கவில்லை.

பிலிம் அழியாது என்று நான் வாதிடவில்லை. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அதுவும் பூஞ்சை பிடிக்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களில் சிதைந்துகொண்டிருந்த படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் தேடி, டிஜிட்டல் முறையில் பதிவுசெய்தார்கள். ஆக, டிஜிட்டலையும் நான் பழிக்க மாட்டேன். ஆனால் அவர்கள் தேடிக் காப்பாற்றுவதற்கு அங்கே ஒரு பொருள் இருந்தது. யாரோ ஒருவர் நல்ல சேலை உடுத்தி, ஸ்டூடியோவுக்குப் போய், அசையாமல் நின்றிருந்தார். நம் கைபேசி உடைகிற நாளில் நம் வீடுகளில் எது மிஞ்சும்? மண்ணாடிப்பட்டிலும் திருக்கனூரிலும் நான் செல்லும் வீடுகளில், சுவரில் சட்டமிட்டு மாட்டிய படங்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டி காலத்தோடு நின்றுவிடுகின்றன.

திருமணத்துக்கு டிரோன் பறக்கவிடப் பணம் இருக்கிறது. வீட்டிலுள்ள முதியவரை நாற்காலியில் அமர்த்தி ஒரே ஒரு படம் எடுத்துச் சட்டமிட மனம் வரவில்லை. இதைக் கடிந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதை மேலே ஒத்துக்கொண்டேன். ஆனாலும் சொல்கிறேன்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஆலயத்தின் வடபுற வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வைத்திருப்பேன். மூன்று சுருள்கள் உள்ளன. முப்பத்தாறு குடும்பங்களுக்கு ஒவ்வொரு படம். சபை நிதியிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுக்கப்படாது. முதியவர்கள் முதலில் வரட்டும். நடக்க இயலாதவர்களின் வீட்டுக்கு நானே வருகிறேன். மாலை நான்கு மணிக்குமேல் வெளிச்சம் நன்றாக இருக்கும். படங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆகலாம்.