தூங்கி எழுந்த என்ஜின்

உழைத்த மனிதனுக்கு ஓய்வு தேவை. ஓய்வு எடுத்தால் உடம்பு தெம்பு பெறும்.

என்ஜினின் கதை வேறு. ஓடாமல் கிடந்தால் அது கெட்டுப் போகும்.

வீட்டில் இருக்கும் தையல் மிஷினை ஒரு வருடம் மூடி வைத்துப் பாருங்கள். மறுபடி மிதித்தால் கிறீச்சிடும். தோட்டத்துப் பம்பு செட்டும் அப்படித்தான். பல மாதம் ஓடாமல் கிடந்தால் மக்கர் செய்யும்.

தையல் மிஷின் மக்கர் செய்தால் துணி தைக்க முடியாது. பம்பு செட் மக்கர் செய்தால் பயிர் வாடும். ஆகாய விமானம் மக்கர் செய்தால்?

உயிர் போகும்!

ஆகவேதான், நெடுநாள் சும்மா கிடந்த சிறிய விமானங்களின் என்ஜின்களை மறுபடி ஓட்டுவது பற்றி இங்கே எழுதுகிறோம்.

ஒரே ஒரு என்ஜின்

பெரிய பயணி விமானங்களை எல்லோரும் அறிவார்கள். சிறிய விமானங்களும் இருக்கின்றன. "செஸ்னா 152" விமானத்தில் 2 பேர் உட்காரலாம். "செஸ்னா 172" விமானத்தில் 4 பேர் உட்காரலாம். நம் நாட்டில் விமானி ஆக விரும்பும் பிள்ளைகள் பலர் இவற்றில்தான் பழகுகிறார்கள். சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமம் பெற, இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

இவற்றில் இருப்பது ஒரே ஒரு என்ஜின். பெட்ரோலில் ஓடும் என்ஜின். அது நின்று விட்டால் மாற்று என்ஜின் கிடையாது. விமானம் கல்லைப் போல விழுந்து விடாது. சறுக்கிக் கொண்டே இறங்கும். ஆனால் 1,000 அடி உயரத்தில் என்ஜின் நின்றால், தரையைத் தொட சுமார் ஒன்றரை நிமிடம்தான் இருக்கும். அதற்குள் விமானி வயலையோ வெட்டவெளியையோ தேடிப் பிடிக்க வேண்டும்.

தண்ணீர்தான் எதிரி

ஓடாத என்ஜின் ஏன் கெடுகிறது?

தண்ணீரால் கெடுகிறது. "என்ஜினுக்குள் தண்ணீர் எப்படி வந்தது?" என்று கேட்பீர்கள். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகும்! பெரும் பகுதி புகையோடு வெளியே போய் விடும். கொஞ்சம் என்ஜினுக்குள் தங்கி விடும். காற்றில் உள்ள ஈரமும் அதோடு சேரும்.

என்ஜின் அடிக்கடி பறந்தால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி விடும். ஓடாமல் கிடந்தால் ஈரம் இரும்பைத் தின்னத் தொடங்கும். இரும்பின் மேல் படிந்திருந்த ஆயில், நாளாக ஆக வழிந்து கீழே போய் விடும். காவல் இல்லாத இடத்தில் துரு குடியேறும்.

அமெரிக்காவின் "லைக்காமிங்" என்ஜின்கள் சிறிய விமானங்களில் மிகுதியாக உள்ளன. அவற்றில் வால்வுகளைத் திறக்கச் செய்யும் "கேம் ஷாப்ட்" என்னும் தண்டு, என்ஜினின் மேல் பக்கம் இருக்கிறது. முதலில் ஆயில் வடிந்து போகும் இடங்களில் அதுவும் ஒன்று. துருப் பிடித்த தண்டை ஓட்டினால் அது தேயும். தேய்ந்த இரும்புத் தூள் ஆயிலில் கலந்து என்ஜின் முழுவதும் சுற்றி வரும்.

வெளியே பார்த்தால் விமானம் பளபளப்பாக இருக்கும். உள்ளே நோய் முற்றிக் கொண்டிருக்கும்!

தவறான எண்ணங்கள்

சில உரிமையாளர்கள் வாரம் ஒரு முறை விமானத்தைத் தரையில் வைத்தே பத்து நிமிடம் ஓட்டுவார்கள். "என்ஜினுக்கு உயிர் இருக்கட்டும்" என்பார்கள்.

இதனால் நன்மை இல்லை. பத்து நிமிட ஓட்டம் நீராவியை உண்டாக்கும். அதை விரட்டும் அளவுக்குச் சூடு ஏறாது. 30 நாளுக்குள் ஒரு முறையாவது, ஆயில் சூடு 165 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமல், ஒரு மணி நேரம் பறக்க வேண்டும் என்று "லைக்காமிங்" கம்பெனி சொல்கிறது. தரையில் ஓட்டுவது அதற்கு ஈடாகாது என்றும் சொல்கிறது.

வேறு சிலர் விமானத்தின் முன்புற விசிறியைக் கையால் சுற்றி வைப்பார்கள். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் ஆயிலையும் அது துடைத்து விடும்! ஆபத்தும் உண்டு. பிளக்குக்குத் தீப்பொறி தரும் "மாக்னெட்டோ"வுக்கு பாட்டரி தேவை இல்லை. சுவிட்சின் ஒயர் அறுந்திருந்தால், கையால் சுற்றும்போதே என்ஜின் கிளம்பி விடும். விசிறி ஆளை வெட்டி விடும்.

2020 தந்த பாடம்

2020 மார்ச்சில் கொரோனா பரவியது. நாடு முழுவதும் ஊரடங்கு. விமானங்கள் தரையில் நின்றன. பயிற்சி விமானங்களும் கொட்டகையில் முடங்கின. உலகம் முழுவதும் இதே நிலைமை.

அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் அவசர உத்தரவு போட்டது. 7 நாளோ அதற்கு மேலோ பறக்காமல் நின்ற "போயிங் 737" விமானங்களில், என்ஜினில் உள்ள ஒரு வால்வைச் சோதிக்க வேண்டும் என்றது. (புதிய "மாக்ஸ்" ரகத்துக்கு அந்த உத்தரவு இல்லை.) காரணம், 4 முறை பறக்கும்போதே ஓர் என்ஜின் நின்று போனதுதான். வால்வு அரித்துப் போயிருந்தது.

அவை இரண்டு என்ஜின் விமானங்கள். பெரிய கம்பெனிகளின் பராமரிப்பில் இருந்தவை. அவற்றுக்கே அந்த நிலை என்றால், ஒற்றை என்ஜின் விமானத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

எழுப்பும் முறை

நெடுநாள் நிறுத்துவதாக இருந்தால், தொடக்கத்திலேயே பாதுகாப்புச் செய்ய வேண்டும். துருவைத் தடுக்கும் தனி ஆயில் இருக்கிறது. அதை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். பிளக்குகளைக் கழற்றி சிலிண்டர்களுக்குள்ளும் அதைத் தெளிக்க வேண்டும். பிளக் இருந்த இடத்தில் ஈரம் உறிஞ்சும் அடைப்பான்களை மாட்ட வேண்டும். மாத்திரைப் புட்டிக்குள் சிறு பொட்டலம் இருக்குமே, அதே "சிலிக்கா ஜெல்"தான் அதில் இருக்கும். ஈரம் ஏறினால் நீல நிறம் இளஞ்சிவப்பாக மாறிக் காட்டிக் கொடுக்கும்.

மறுபடி ஓட்டும்போது அவசரம் கூடாது.

முதலில், பறவைக் கூடு, எலி வளை, குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பெட்ரோலையும் பழைய ஆயிலையும் வடித்து விட வேண்டும். வெடித்துப் போன ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டும்.

பிறகு பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் தேங்கிய ஆயிலை வெளியேற்ற வேண்டும். இது மிக முக்கியம். ஆயிலை அமுக்க முடியாது. தேங்கிய ஆயிலோடு ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து விடும். அது அன்றைக்கே உடையாமல், பல மணி நேரம் பறந்த பிறகும் உடையலாம்!

நுனியில் காமிரா உள்ள மெல்லிய குழாயை நுழைத்து, சிலிண்டருக்குள் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்த பிறகு 30 விநாடிக்குள் ஆயில் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். ஓட்டிப் பார்த்த பிறகு ஆயில் பில்டரை வெட்டி, இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால், முதல் முறை விமானி மட்டும் ஏறிப் பறக்கட்டும். விமான நிலையத்தை விட்டு விலகாமல் வட்டமிடட்டும்.

மணியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய விமானத்தை விற்பவர்கள், "என்ஜின் 300 மணி நேரம்தான் ஓடியது" என்று பெருமையாகச் சொல்வார்கள். வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை வருடத்தில் ஓடியது?" என்பதுதான்.

"லைக்காமிங்" என்ஜின்கள் பலவற்றுக்கு, 2,000 மணி நேரம் ஓடியதும் முழுமையாகப் பிரித்துச் செப்பனிட வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதே கம்பெனி இன்னொன்றும் சொல்கிறது. அந்த மணிக்கணக்கு முடியாவிட்டாலும் 12 ஆண்டு ஆனால் பிரிக்க வேண்டும்! ஓடினாலும் தேயும், ஓடாவிட்டாலும் தேயும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

இதற்கெல்லாம் பணம் செலவாகும். நாளும் ஆகும். பயிற்சிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் "எப்போது பறக்கலாம்?" என்று கேட்பார்கள். கடன் வாங்கிச் சம்பளம் கட்டிய பெற்றோரும் கேட்பார்கள்.

அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்:

கேளுங்கள். ஆனால் "எப்போது?" என்று கேட்கும் முன், "சோதித்தாயிற்றா?" என்று கேளுங்கள். சோதித்த என்ஜினீயர் கையெழுத்துப் போட்டாரா என்று கேளுங்கள். அவர் "இன்னும் இரண்டு நாள் வேண்டும்" என்றால், கொடுங்கள். அவரை அவசரப்படுத்துகிற முதலாளியை நம்பாதீர்கள்.

பயிற்சி பத்து நாள் தள்ளிப் போகலாம். பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்!