காலி இலைக்கு அரசன் வேண்டாம்

இன்ஸ்டாகிராமில் பூத்தையல் பக்கங்களைப் பார்ப்பவர்களுக்கு அந்த மரம் தெரிந்திருக்கும். வளையத்தில் இழுத்து மாட்டிய வெள்ளைத் துணி, பழுப்பு நூலில் அடிமரம், ஒவ்வோர் இலையிலும் ஒரு பெயர். குடும்ப மரம் என்று கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் பரிசாகக் கொடுக்கிறார்கள். நானும் ஆர்டர் எடுத்துத் தைக்கிறேன். அழகான வேலைதான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படங்கள், நான்கைந்து தலைமுறைப் பெயர்கள் எல்லார் வீட்டிலும் தயாராக இருக்கும் என்று நினைத்து வரையப்பட்டவை. அங்கேதான் எனக்குச் சிக்கல்.

யார் வீட்டில் இருக்கும்? நிலம் இருந்த வீட்டில். பத்திரம், பாகப்பிரிவினை, பட்டா மாற்றம் என்று நிலம் கைமாறும்போதெல்லாம் ஒரு பெயர் காகிதத்தில் ஏறியிருக்கும். எங்கள் வீட்டில் காகிதம் என்றால் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், அம்மாவின் பள்ளிக்கூட டிசி. அதற்கு மேலே வாய்மொழிதான். பாட்டி, பூட்டி, ஓட்டி என்று ஒவ்வொரு படிக்கும் தமிழில் சொல் உண்டு. அந்தப் படியில் நின்றவரின் பெயர்தான் இல்லை. ஆயாவுடைய அம்மாவின் பெயரைப் பெரியம்மாவிடம் கேட்டேன். "யாருக்குடி தெரியும்? ஊருக்குள்ள போனா ஏய்னு கூப்புடுவாங்க. காலனியில எல்லாரும் கெழவிம்போம்" என்றார். நாற்று நடுவதில் கிழவியை முந்த ஆளில்லை என்பதும், கூலி நெல்லில் மரக்கால் குறைந்தால் களத்திலேயே சத்தம் போடுவார் என்பதும் பெரியம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

இந்தக் காலி இலையைக் காட்டினால் உடனே ஒரு யோசனை வரும்: அங்கே ஓர் அரசனை வை, நாமும் ஆண்ட பரம்பரைதான். எல்லாச் சாதிகளும் ஓட்டும் இந்தப் படத்தை இப்போது நம் பிள்ளைகளும் ஸ்டேட்டஸில் ஓட்டுகிறார்கள். கோபம் புரிகிறது. இருந்தாலும், பிறப்பால்தான் மதிப்பு என்று சொல்லித்தானே கிழவியை ஏய் என்று கூப்பிட்டார்கள்? அரசனைத் தைத்தால் அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டு, நம் பக்கம் கொஞ்சம் கூட்டிப்போடச் சொல்கிறோம், அவ்வளவுதான். கிழவி களத்தில் போட்ட சத்தத்துக்கு அதில் இடமில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதே சுவரில் முட்டியவர்கள். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளை முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டும் எழுதினார்கள்; பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. தென் கரோலினாவில் ரோஸ் என்ற அடிமைப் பெண்ணின் ஒன்பது வயது மகள் ஆஷ்லி விற்கப்பட்டாள். ஒரு பருத்திப் பையில் கிழிந்த கவுன், மூன்று கை பீக்கன் கொட்டை, தன் பின்னல் மயிர் ஆகியவற்றை வைத்துத் தாய் கொடுத்தனுப்பினார். பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை. 1921இல் ஆஷ்லியின் பேத்தி ரூத் மிடில்டன் அந்தப் பையின் மேலேயே இந்தக் கதையைச் சில வரிகளில் நூலால் தைத்தார். மரமும் இல்லை, இலையும் இல்லை. தெரிந்த பெயர்கள், பையில் இருந்த பொருட்கள், பிரிவு, அன்பு, ஆண்டு. அதுவும் குடும்ப மரம்தான் என்பேன்.

சரி, நிரம்பிய மரங்களைப் பார்ப்போம். சாதியின் தனி அடையாளம் அகமணம்தான் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். அதை ஊசி முனையில் பார்க்க வேண்டுமானால் என்னைப்போல் ஆர்டர் எடுங்கள். பெண்கள் பெரும்பாலும் மனைவியாக மட்டும் வருவார்கள், பிறந்த வீட்டுக் கிளை இருக்காது. போன ஆண்டு ஒரு வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியல் கொடுத்தார். பிள்ளைகள் நால்வர்; படத்தில் மூன்று இலை. கேட்டதற்கு, "சின்னது வேற ஆளுங்கள கட்டிக்கிட்டுப் போயிடுச்சும்மா, அது வேணாம்" என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் இலையைக் கிள்ளுவதோடு எல்லா வீடுகளும் நிற்பதில்லை. சாதி கடந்து மணந்த சங்கரை 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை இதே தமிழ்நாடுதான் சிசிடிவியில் பார்த்தது.

தைக்க நினைக்கும் தோழர்களுக்கு: மாதிரிப் படத்தை இறக்க வேண்டாம். அம்மா வழியிலிருந்து தொடங்குங்கள். ஒதுக்கப்பட்ட சித்தி, வேறு சாதியில் மணந்த மாமா, எல்லாரையும் ஒரே அளவு இலையில் வையுங்கள். பெயர் கிடைக்காத இடத்தில் இலையின் ஓரத்தை மட்டும் ஓட்டுத் தையலில் போட்டு, உள்ளே தெரிந்ததைத் தையுங்கள். என் துணியில் "நாற்று நட்டார், மரக்கால் கேட்டார்" என்று இருக்கிறது. இரண்டு இழை நூல் போதும். மூன்று இழை போட்டால் 'ட்'டின் புள்ளி மொத்தையாகிவிடும்.