மணி சொல்லும் மணல்!



கடிகாரம் இல்லாமல் மணி சொல்ல உங்களுக்குத் தெரியுமா? "சூரியனைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்" என்பீர்கள். சரி, 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றுக்கு எப்படி மணி பார்ப்பது? அதற்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதை நீங்கள் எத்தனையோ முறை மிதித்திருப்பீர்கள். மணல்தான் அது!

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில், வாலாஜாபாத்தைத் தாண்டினால் பழையசீவரம் என்ற ஊர் வரும். மலைமேல் நரசிம்மர் கோயில், கீழே பாலாறு. செய்யாறும் வேகவதியும் அங்கேதான் பாலாற்றோடு கூடுகின்றன. எதிர்க்கரை ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர் வந்தது அதனால்தான். திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கே 15 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை நடந்ததை அது சொல்கிறது. எந்த அரசர், அவர் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்பதெல்லாம் கல்வெட்டிலேயே இருக்கும். அதனால் அது சுமார் 950 ஆண்டு பழையது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

எழுத்தே இல்லாத காலத்துக் கல்லுக்கு என்ன செய்வது? அதில் அரசர் பெயரும் இருக்காது, ஆண்டும் இருக்காது.

இந்தக் கேள்வி நம் ஊர்ப் பக்கத்தில்தான் எழுந்தது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளைக்கல் எடுக்கத் தோண்டிய ஒரு குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 28. ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. தானாக உடைந்த கல் அல்ல அது. யாரோ தட்டித் தட்டிக் கூராக்கிய கல். ஆதிமனிதர் செய்த கற்கருவி! அந்தக் குழியைக் கடந்து போனவர்கள் எத்தனையோ பேர். நின்று உற்றுப் பார்த்தவர் ஃபூட்.

அதே ஆண்டு செப்டம்பரில், அவரும் வில்லியம் கிங் என்ற அவருடைய நண்பரும் பூண்டி அருகேயுள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் ஏராளமான கருவிகளைக் கண்டார்கள். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரும், பல்லாவரமும், பழையசீவரமும் அன்றைக்கு ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான்.

கருவிகள் கிடைத்துவிட்டன. ஆனால் வயது? அதைச் சொல்ல அன்று யாரிடமும் வழி இல்லை. பதில் கிடைக்க 148 ஆண்டுகள் ஆயின.

சென்னையில் உள்ள சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழு 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தது. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகளும் ஆய்வில் கைகொடுத்தார்கள். 2011இல் முதல் ஆச்சரியம் வெளிவந்தது. அங்கே அடிமண்ணில் கிடந்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! அதுவரை இந்தியாவில் இந்த வகைக் கருவிகள் ஐந்தாறு லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

2018இல் இரண்டாவது ஆச்சரியம். பெரிய கைக்கோடரிகளை விட்டுவிட்டு, கல்லை முன்கூட்டியே பதப்படுத்தி, அதிலிருந்து வேண்டிய அளவில் மெல்லிய சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் புதிய முறைக்கு அங்கிருந்தவர்கள் மாறியிருந்தார்கள். சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே! நம்மைப் போன்ற மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தபோதுதான், ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்கு முன்போ அதற்குப் பின்போ, இந்த முறை இந்தியாவுக்கு வந்தது என்று அதுவரை கருதப்பட்டது. அப்படியானால் அத்திரம்பாக்கத்தில் இதைச் செய்தவர்கள் யார்? அங்கே மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் காத்திருக்கிறது. ஒருவேளை உங்களுக்காகவே இருக்கலாம்!

ஆயிரம் ஆண்டுக்கு ஒரு எட்டு என்று வைத்து மணலில் நடந்து பாருங்கள். திருமுக்கூடல் கல்வெட்டை அடைய ஒரு எட்டு போதும். மெல்லிய சில்லுகளை அடைய 385 எட்டுகள். கைக்கோடரிகளை அடைய 1500 எட்டுகள்!

சரி, மணல் எப்படி மணி சொல்கிறது? உங்கள் வீட்டு உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு ரூபாய் போடுகிறீர்கள். ஒருநாள் திறந்து எண்ணினால் 200 ரூபாய் இருக்கிறது. போட ஆரம்பித்து எத்தனை நாள் ஆயிற்று? 200 நாள். அவ்வளவுதான் கணக்கு!

மணலில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்களின் துகள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துகளும் ஓர் உண்டியல். மண்ணில் மிக மிகச் சிறிய அளவில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்றவை உண்டு. அவற்றிலிருந்து ஓயாமல் கதிர்கள் வருகின்றன. அந்தக் கதிர்களின் ஆற்றலில் கொஞ்சம் மணல் துகளுக்குள் சிக்கிக்கொள்கிறது. இதுதான் உண்டியலில் விழும் காசு. வெயில் பட்டால் போதும், சிக்கிய ஆற்றல் வெளியேறி உண்டியல் காலியாகிவிடும். துகள் மண்ணுக்குள் புதைந்து இருட்டில் கிடந்தால் மறுபடி சேர ஆரம்பிக்கும்.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் மண்சுவரில் உலோகக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் மணலை எடுக்கிறார்கள். மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரியும் இருட்டறையில் அதைப் பிரிக்கிறார்கள். பிறகு அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால், இத்தனை காலம் சேர்த்த ஆற்றலை மணல் துகள் மெல்லிய வெளிச்சமாகத் திருப்பித் தருகிறது! அந்த வெளிச்சத்தை அளந்து, ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்தால் வயது வந்துவிடும். அத்திரம்பாக்கத்து மணலை இப்படிச் சோதித்தவர்கள் அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள்.

எந்த உண்டியலும் ஒருநாள் நிரம்பிவிடும் அல்லவா? அதனால் 15 லட்சம் ஆண்டுக்கு வேறு கடிகாரம் வேண்டும். வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தரையில் கிடக்கும் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு பொருள்களை உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்ததும் அவை குறையத் தொடங்கும். அலுமினியம்-26 பாதியாக ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டு ஆகும். பெரிலியம்-10 பாதியாக ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டு. வேகமாக எரியும் மெழுகுவத்தி ஒன்று, மெதுவாக எரியும் மெழுகுவத்தி ஒன்று. இரண்டிலும் மீதி எவ்வளவு என்று பார்த்து, கல் எப்போது புதைந்தது என்று கண்டுபிடித்தார்கள்.

தம்பி, தங்கைகளே, இதில் முக்கியமான ஒன்றைக் கவனித்தீர்களா? 2018 ஆய்வில் வயதைச் சொன்னது கருவி அல்ல, அதைச் சுற்றியிருந்த மணல்! கருவியைத் தனியே பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் அழகான கல். அது கிடந்த இடமும் மண்ணும் சேர்ந்தால்தான் வரலாறு.

ஆற்றுக்கு நடுவே வெள்ளம் புரட்டிப் போடும் மணலில் அநேகமாகப் பழைய கணக்கு தங்காது. புரளும்போதே வெயில் பட்டு உண்டியல் காலியாகிவிடும். பழைய கணக்கு கரையோர மண் அடுக்குகளிலும், சரளை மேடுகளிலும், ஏரிக்கரைச் சரிவுகளிலும் பத்திரமாக இருக்கிறது. வீடு கட்ட மணல் வேண்டும், சாலை போடச் சரளை வேண்டும். ஆனால் பார்த்து, பதிவு செய்யாமல் பொக்லைன் வைத்து ஒரு மேட்டைக் கரைத்து லாரியில் ஏற்றினால், லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஓடிய கடிகாரம் ஒரே பகலில் நின்றுவிடும். அதற்குச் சாவி கொடுத்து மறுபடி ஓடவைக்க யாராலும் முடியாது.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஒரகடம் அருகேயுள்ள வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. நாளை உங்கள் ஊரிலும் கிடைக்கலாம். அப்போது என்ன செய்வீர்கள்?

கால்வாய் வெட்டும் இடத்திலோ, கிணற்று மண்ணிலோ, விளிம்பு சீராகத் தட்டப்பட்ட கல்லைக் கண்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்துப் பெரியவர்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பார். நீங்களாகக் கரையைத் தோண்ட வேண்டாம், மண் சரிந்துவிடும். ஆற்றுக்குத் தனியாகப் போகவும் வேண்டாம். விடுமுறையில் பூண்டிக்குப் போனால், அங்குள்ள அகழ்வைப்பகத்தில் ஆதிமனிதரின் கருவிகளை நேரில் பாருங்கள். கண் பழகினால்தான் கல் தெரியும்.

ஃபூட்டிடம் அன்று பெரிய கருவிகள் ஏதும் இல்லை. நின்று பார்க்கும் கண்ணும், "இது எப்படி இங்கே வந்தது?" என்ற கேள்வியும் இருந்தன. அவை இரண்டும் உங்களிடமும் இருக்கின்றன. பயன்படுத்துவீர்கள்தானே?